பள்ளிகள் எழுப்பிய பெருந்தகை புக்கர் டி. வாஷிங்டன்

ஒரு சமுதாயத்தின் எழுச்சியை அளந்தறிய வேண்டுமாயின், அது தன் பிள்ளைகளுக்காக எழுப்பிய பள்ளிகளைப் பார்த்தல் வேண்டும். நமது கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கடல் கடந்த நாட்டில் நம்மைப் போன்றே ஒடுக்கப்பட்ட கருப்பின மக்களுக்குச் சிற்றூர்தோறும் பள்ளி எழ வழிவகுத்த புக்கர் டி. வாஷிங்டன் அவர்களின் வரலாற்றை நாம் அறிதல் நலம் பயக்கும்.

1856இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துப் புகையிலைப் பண்ணையொன்றில், மண்தரைச் சமையற்குடிசையில் அடிமைத்தாய்க்கு மகனாய்ப் பிறந்தார். எசமானின் மகளுக்குப் புத்தகம் சுமந்து பள்ளிவாசல் வரை செல்வார். உள்ளே நுழைய உரிமையில்லை. வாசலோடு நிறுத்தப்படுவதன் வேதனையை நம்மவர்க்கு விளக்கத் தேவையில்லை.

1865இல் அடிமைத்தளை அறுந்தது. குடும்பம் மேற்கு வர்ஜீனியா சென்றது. அங்கே சிறுவன் உப்பு உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தான். பள்ளியில் முதன்முதல் பெயர் கேட்டபோது பிற பிள்ளைகளுக்கு இரு பெயர்கள் இருந்தன, இவனுக்கோ ஒன்றுதான். வாஷிங்டன் என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டான். 1872இல் ஹாம்ப்டன் கல்விக்கூடத்தை நாடி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவைக் கால்நடையாகவும் கிடைத்த வண்டிகளிலும் கடந்தான். அங்கு வைக்கப்பட்ட நுழைவுத் தேர்வு ஓர் அறையைப் பெருக்குவது. மும்முறை பெருக்கி, நான்குமுறை தூசு துடைத்து இடம் பெற்றான்.

1881ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அலபாமா மாநிலத்து டஸ்கீஜியில் முப்பது மாணவரோடு பள்ளியொன்றைத் தொடங்கினார். கூரை ஒழுகிய அக்குடிலில், மழை பெய்யும்போது ஒரு மாணவர் குடை பிடிக்க அவர் பாடம் கேட்பார். பின்னர் பழைய பண்ணையொன்றை வாங்கி, அதன் குதிரைக் கொட்டிலையும் கோழிக் கூண்டையும் வகுப்பறைகளாக்கினார். கட்டடங்களுக்குச் செங்கல்லை மாணவரே சுட்டனர். முதல் மூன்று சூளைகளும் பாழாயின. கைக்கடிகாரத்தை அடகு வைத்துப் பெற்ற பதினைந்து டாலரில் நான்காம் சூளை வென்றது. தம் கையால் எழுப்பிய சுவரைத் தம் பிள்ளைகள் பாழாக்கமாட்டார் என்பதே அவர் கொள்கை.

டஸ்கீஜி வளர்ந்தபோதும் சுற்றுப்புறச் சிற்றூர்களின் நிலை அவரை வருத்தியது. கருப்பினப் பிள்ளைகள் மாதாகோயில்களிலும் இடிந்த குடில்களிலும் சில மாதங்களே பயின்றனர். 1912இல் சிக்காகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டு டஸ்கீஜிக்கு 25,000 டாலர் வழங்கினார். அதில் எஞ்சிய ஒரு பகுதியைக் கொண்டு ஆறு சிற்றூர்ப் பள்ளிகளைக் கட்ட வாஷிங்டன் அனுமதி பெற்றார். அதுவே பெருந்திட்டத்தின் வித்தாயிற்று.

அப்பள்ளிகளின் அமைப்பு எளியது. ஆயினும் எண்ணித் துணிந்தது. டஸ்கீஜியின் கட்டடக்கலைஞர் ராபர்ட் டெய்லர் முதலியோர் வரைந்த வரைபடங்கள் 1915இல் நூலாக வெளிவந்தன. பின்னாளில் அவை மேலும் செப்பமுற்றன. ஈரம் ஏறாதவாறு சிறு தூண்கள் மீது தரையை உயர்த்தி, மரப்பலகையால் ஒரே தளமாகக் கட்டுவர். மின்விளக்கில்லாத ஊர்களாதலால் நெடிய சன்னல்களை வரிசையாக அமைத்தனர். எழுதும் கையின் நிழல் தாளில் விழாதிருக்க, வெளிச்சம் இடப்புறத்திலிருந்து வருமாறு இருக்கைகளை இட்டனர். அறைகளுக்கிடையே இருந்த தடுப்பை நீக்கினால் முழுக் கட்டடமும் ஊர்க்கூட்டத்திற்குரிய மண்டபமாகும். கைத்தொழிலுக்கெனத் தனியறையும் உண்டு.

இவை இலவசமாய் வந்தவை அல்ல. ஊர் மக்களும் தம் பங்கை அளித்தாக வேண்டும் என்பது நிபந்தனை. நிலம் தந்தோர் சிலர். மரம் அறுத்தோர் சிலர். பருத்தி விளைத்து விற்றுக் கொடுத்தோர் பலர். திட்டம் முடிந்தபோது ரோசன்வால்டு தரப்பு அளித்தது சுமார் 43 லட்சம் டாலர். ஏழைக் கருப்பின மக்கள் அளித்தது சுமார் 47 லட்சம் டாலர். வரி செலுத்தியும் தமக்குரிய பங்கு கிட்டாத மக்கள், இரண்டாம் முறையும் கொடுத்தனர். இதனைப் பெருமையாக மட்டுமன்றி, அரசின் அநீதிக்குச் சான்றாகவும் நாம் கொள்ள வேண்டும்.

வாஷிங்டன் குறை கூறப்படாதவர் அல்லர். 1895இல் அட்லாண்டா நகரில் ஆற்றிய உரையில் தொழிற்கல்வியை முன்னிறுத்தி, அரசியல் உரிமைகளைப் பின்னிறுத்தினார் என்று அறிஞர் டு பாய்ஸ் கண்டித்தார். அக்கண்டனம் பொருளற்றதன்று. எனினும் வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்த வழக்குகளுக்கு வாஷிங்டன் மறைவாகப் பொருளுதவி செய்தார் என்பதும் பின்னர் வெளிப்பட்டது. கல்வியா, உரிமையா என்று பிரித்துக் கேட்பதே பிழை. இரண்டும் வேண்டும் என்பதே நமக்குக் கிடைக்கும் பாடம்.

1915ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவராயிருந்தார். அதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகள் முன்பே, 1873இல், மகாத்மா பூலே தமது குலாம்கிரி நூலை அடிமைமுறை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு உரிமையாக்கியிருந்தார். இரு மக்களினத்தின் துன்பமும் ஒன்றே எனப் பூலே கண்டுகொண்டார்.

1932இல் திட்டம் நிறைவுற்றபோது, பதினைந்து மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்திருந்தன. இனம் பிரித்து நடத்தும் பள்ளிகள் சட்டத்திற்கு முரணானவை என 1954இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபின், அவை ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. பல இடிந்தன. 2002இல், அழியும் நிலையிலுள்ள மரபுச் சின்னங்களுள் அவையும் சேர்க்கப்பட்டன. எஞ்சியவற்றுள் சில, அங்கே பயின்ற முதியோரின் முயற்சியால் ஊர்மன்றங்களாகவும் காட்சியகங்களாகவும் புத்துயிர் பெற்றுள்ளன.

இளைஞர்களே, அப்பள்ளிகள் மூடப்பட்டதும் ஒரு வெற்றியே. பிரிவினை தோற்றதால் மூடப்பட்டவை அவை. ஆயினும் அவற்றைக் கட்டிய கைகளை மறத்தலாகாது. நம் சங்கத்தின் கட்டடத்திற்கு முதற்கல் சுமந்த நம் பெரியோரின் பெயர்களையும் எழுதிவைப்பது நம் கடன்.