விளையாட்டுக்கு வாத்தியார்களைத் தந்த பக் துரை

சென்னையில நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம்னு ஒண்ணு இருக்கு. புத்தகக் கண்காட்சி நடக்குற இடம்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அந்த மைதானம் ஒரு கல்லூரியோடது. பி.டி. சார், பி.டி. டீச்சர் ஆகுறதுக்குப் படிக்கிற கல்லூரி அது. அதைத் தொடங்கியவர் தமிழர் இல்லை, இந்தியரும் இல்லை. அவர்தான் ஹாரி குரோ பக்.

பக் 1884-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். நம்ம ஊர்ப் பசங்களுக்குக் கிரிக்கெட் எப்படியோ, அந்த நாட்டுப் பசங்களுக்குப் பேஸ்பால் அப்படி. பக் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் படித்தார்.

அந்தக் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். 1891-ல் அங்கே ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இருந்தார். பாதிரியார் ஆவதற்கான படிப்பை முடித்துவிட்டு, விளையாட்டு மூலமாகவும் கடவுளுக்குச் சேவை செய்யலாம் என்று நம்பி வந்தவர். பனிக்காலத்தில் மாணவர்கள் உள்ளேயே விளையாடுவதற்காக, பழக்கூடை ரெண்டை உள்ளரங்கின் மேல்மாடக் கைப்பிடியில் மாட்டிப் பந்தைப் போடச் சொன்னார். கூடைக்கு அடிப்பக்கம் மூடியிருந்ததால் ஒவ்வொரு தடவையும் பந்தை எடுக்க ஏணி வேணும்! அதுதான் பாஸ்கெட்பால். வாலிபாலும் 1895-ல் இன்னொரு ஒய்.எம்.சி.ஏ.-வில் பிறந்ததுதான். உடல், மனம், ஆன்மா மூணும் சேர்ந்து வளரணும் என்பது அவர்கள் கொள்கை. ஒய்.எம்.சி.ஏ. சின்னத்தில் உள்ள முக்கோணத்துக்கு அர்த்தமும் இதுதான்.

இந்தக் கொள்கையோடு பக் 1919-ல் சென்னைக்கு வந்தார். அந்தக் காலத்தில் நம்ம பள்ளிக்கூடங்களில் விளையாட்டு என்றால் பெரும்பாலும் டிரில்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் வந்து, லெஃப்ட் ரைட் போடச் சொல்லி அதட்டுவார். பிள்ளைகளுக்கு அதில் சந்தோஷம் எங்கே இருக்கும்? கணக்குக்கு, தமிழுக்கு எல்லாம் படித்த ஆசிரியர் இருக்கும்போது விளையாட்டுக்கும் படித்த ஆசிரியர் வேண்டும் என்று பக் நினைத்தார். 1920-ல் உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இந்த மாதிரி முதலில் வந்தவற்றில் அதுவும் ஒன்று. பின்னால் அது அடையாற்றுப் பக்கம் பெரிய மைதானத்தோடு கல்லூரியாக வளர்ந்தது.

பக் கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். ஆனால் அவரிடம் எல்லா மதத்து மாணவர்களும் படித்தார்கள். ஜெயிக்கிற பத்துப் பேருக்கு மட்டும் சொல்லித் தந்தால் போதாது, நோஞ்சான் பிள்ளைக்கும் விளையாட்டு வேண்டும் என்பது அவர் வழி. மேல்நாட்டு விளையாட்டை மட்டும் அவர் சொல்லித் தரவில்லை. நம்ம நாட்டு விளையாட்டு, தண்டால் போன்ற பயிற்சிகளையும் பாடத்தில் சேர்த்தார். விளையாட்டு விதிகளைத் தொகுத்துப் புத்தகமும் எழுதினார்.

1924-ல் டெல்லியில் அகில இந்தியப் போட்டி நடந்தது. அதில் தேர்ந்தெடுத்த எட்டு வீரர்கள் பாரிஸ் ஒலிம்பிக்குக்குக் கப்பலில் போனார்கள். அவர்களுக்கு மேலாளராகக் கூடப் போனவர் பக். அந்த எட்டுப் பேரில் ஒருத்தருக்கும் பதக்கம் கிடைக்கவில்லை. அதற்காக யாரும் சோர்ந்து விடவில்லை. 1927-ல் டோராப்ஜி டாட்டா தலைவராக இந்திய ஒலிம்பிக் சங்கம் உண்டானது. பக்கும் மற்ற ஒய்.எம்.சி.ஏ.-காரர்களும் அதற்குப் பின்னால் உழைத்தவர்கள்.

பக் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போய் வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1943-ல் இறக்கும் வரை இந்தக் கல்லூரிக்காகவே உழைத்தார். கிட்டத்தட்ட இருபத்து நாலு வருஷம்! அங்கே படித்தவர்கள் இந்தியா முழுக்க, இலங்கை, பர்மா வரைக்கும் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்றைக்கு நம்ம காரைக்குடியிலேயே அழகப்பா உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது.

ஆனாலும் பல பள்ளிக்கூடங்களில் பரீட்சை வந்தால் முதலில் பறிபோவது பி.டி. பீரியட்தான். பத்தாம் வகுப்புக்குப் போயிட்டா விளையாட்டே கிடையாது. பெண் பிள்ளைகள் பெரியவள் ஆனதும், ஸ்கோர் எழுதுற நோட்டைக் கையில கொடுத்து ஓரமா உட்கார வச்சிடுறாங்க. விளையாட்டும் ஒரு பாடம்தான்னு சொல்றதுக்காக ஒருத்தர் கடல் தாண்டி வந்து உயிர் உள்ள வரைக்கும் உழைச்சிருக்கார். தோழிகளே, சாயங்காலம் மணி அடிச்சதும் பையைத் தூக்கிட்டு ஓடாதீங்க. வாலிபால் நெட்டுக்கு ஒரு பக்கம் ஆறு பேர் வேணும். நம்ம வகுப்புப் பிள்ளைகளே ரெண்டு டீம் சேரலாம். ஆசிரியர்களும் எங்களுக்கு அந்த நாற்பது நிமிஷத்தைத் தந்து உற்சாகப்படுத்த வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.