மட்டையைக் கீழே வைத்த பிறகு

நீலகிரித் தோட்டங்களிலே உழைக்கும் தோழர்களுக்கு இன்று ஒருவரை அறிமுகம் செய்ய விரும்புகிறோம். அவர் நம் மலையில் பிறந்தவர் அல்லர், தமிழரும் அல்லர். ஆனால் அவர் பிறந்த மண்ணிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் இன்று குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் நமக்கு அடுத்த நிரையில் நின்று கொழுந்து பறிக்கிறார்கள். வடக்கத்தி ஆட்கள் என்று ஒரே சொல்லில் அவர்களை ஒதுக்கிவிடுகிறோம். முகம் வேறு, பேச்சு வேறு. இலை நிறுக்கும் தராசு மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்.

ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் அந்த முண்டா, ஓராவோன் மக்கள் பெருந்தலைவர் என்ற பொருளில் மராங் கோம்கே என்று அழைக்கும் மனிதர் ஒருவர் உண்டு. அவர்தான் ஜெய்பால் சிங் முண்டா. ஹாக்கி ஆட்டக்காரர். இந்தியா முதன்முதல் ஒலிம்பிக் ஹாக்கியில் தங்கம் வென்றபோது அணித்தலைவர். மட்டையைக் கீழே வைத்தபின் நாற்பதாண்டுகள் வாழ்ந்தார். அந்த நாற்பதாண்டுகளே நமக்கு முக்கியம்.

ஏன் இந்தக் கதை இப்போது? ஞாயிற்றுக்கிழமைதோறும் எஸ்டேட் மைதானங்களிலே லைன் வீட்டுப் பிள்ளைகள் பந்து ஆடுவதைப் பார்க்கிறோம். செங்குத்து மேட்டில் ஏறி இறங்கிப் பழகிய கால்கள், மூச்சுக்குப் பஞ்சமில்லை. கோப்பை வாங்கினால் ஊரே தோளில் தூக்குகிறது. அந்தப் பையனுக்கு முப்பது வயது ஆனபின் தூக்குகிறவர் யார்? போலீசிலோ ரயில்வேயிலோ பட்டாளத்திலோ இடம் கிடைத்தவன் தப்பித்தான். மற்றவனுக்குச் சுவரில் ஒரு படம், அதன் மேல் ஒட்டடை. விளையாட்டு வீரனுக்கு வேலைக்காலம் குறைவு, வாழ்க்கைக்காலம் நீளம். இந்தக் கணக்கை ஜெய்பால் சிங் எப்படித் தீர்த்தார் என்று பார்ப்போம்.

1903 ஜனவரி 3ஆம் நாள், இன்றைய குந்தி மாவட்டத்திலுள்ள டக்ரா என்னும் முண்டா சிற்றூரில் பிறந்தார். வெள்ளையனையும் வட்டிக்காரனையும் எதிர்த்து வில்லேந்திய பிர்சா முண்டா ராஞ்சி சிறையில் மாண்டது 1900 ஜூனில். கிளர்ச்சியின் நெருப்பு தணிந்து சாம்பல் மட்டும் சூடாக இருந்த காலம் அது. மாடு மேய்த்த சிறுவனைப் பாதிரிமார்கள் ராஞ்சி புனித பால் பள்ளியில் சேர்த்தார்கள். பிள்ளையின் கூர்மையைக் கண்ட பள்ளித் தலைவர் அவனைச் சீமைக்கே அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் புனித ஜான் கல்லூரியிலே பொருளாதாரம் படித்தார். அங்கே ஹாக்கிக்கு அளிக்கும் புளூ என்னும் உயர்ந்த விருதைப் பெற்றார். மாடு மேய்த்த கோல் ஹாக்கி மட்டை ஆயிற்று என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கைதூக்கிவிட ஒருவர் இருந்தார், பள்ளிக்கூடம் இருந்தது. இவை கிடைக்காத எத்தனை ஜெய்பால்கள் அந்தக் காட்டிலேயே மாடு மேய்த்து முடிந்தார்களோ!

ஐ.சி.எஸ். உத்தியோகத்துக்கும் தேர்வானார். அந்தக் காலத்து ஐ.சி.எஸ். என்றால் இன்றைய ஐ.ஏ.எஸ். போலப் பத்து மடங்கு. கலெக்டராக வந்து ஜில்லாவையே ஆளலாம். பயிற்சிக் காலத்திலே அழைப்பு வந்தது. 1928இல் ஆம்ஸ்டர்டாமில் ஒலிம்பிக். இந்திய அணிக்குத் தலைமை வகிக்க வேண்டும். லீவு கேட்டார், கிடைக்கவில்லை. லீவு இல்லாமலே போனார்! திரும்பி வந்தபோது, பயிற்சியை மேலும் ஓராண்டு செய் என்று துரைமார்கள் உத்தரவு போட்டார்கள். செய்ய முடியாது என்று சொல்லி அந்தப் பதவியையே உதறினார்.

அந்த ஒலிம்பிக் ஆட்டங்களைக் கேளுங்கள். ஆஸ்திரியாவுக்கு ஆறு கோல், பெல்ஜியத்துக்கு ஒன்பது, டென்மார்க்குக்கு ஐந்து, சுவிட்சர்லாந்துக்கு ஆறு, 1928 மே 26 அன்று இறுதி ஆட்டத்தில் ஹாலந்துக்கு மூன்று. ஆக 29 கோல். இந்தியா வாங்கியது ஒன்றுகூட இல்லை. முன்பு தங்கம் வென்றிருந்த பிரிட்டன் அந்த ஆண்டு அணியே அனுப்பவில்லை. ஆண்டவர்கள் ஆளப்பட்டவர்களோடு மோதிப் பார்க்க விரும்பவில்லை என்று ஊர் பேசியது, பேசியதில் தவறில்லை. ஆனால் இறுதி ஆட்டத்திலே ஜெய்பால் சிங் களத்தில் இல்லை. அணியின் ஆங்கில மேலாளரோடு உண்டான பிணக்கால் இடையிலேயே விலகிவிட்டார். கடைசிப் போட்டிக்குப் பின்னிகர் தலைமை வகித்தார். வெற்றியின் வாசல்வரை வந்து திரும்பிப் போன மனிதர்! நமக்கு அதில் வருத்தந்தான். ஆனாலும் வணங்காத முதுகெலும்பு அது என்பதையும் கண்டுகொள்கிறோம்.

அதே அணியில் 14 கோல் போட்டவர் தியான் சந்த். சிப்பாயாகச் சேர்ந்து, ஆட்டத்தால் உயர்ந்து, 1956இல் மேஜராக ஓய்வு பெற்றார். பத்ம பூஷண் பட்டமும் கொடுத்தார்கள். 1979இல் டில்லி ஆஸ்பத்திரியில் மறைந்தபோது கையில் காசுக்குத் தட்டுப்பாடு. உலகமே புகழ்ந்த கைக்கு அந்தக் கதி என்றால், ஜில்லா கோப்பை வாங்கியவன் கதி என்ன?

ஜெய்பால் சிங் கதை வேறு. கல்கத்தாவில் ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் பெரிய உத்தியோகம் கிடைத்தது. ஹாக்கியையும் விடவில்லை, மோகன் பகான் சங்கத்துக்கு 1929இல் ஹாக்கி அணி அமைத்துக் கொடுத்தார். பிறகு ஆப்பிரிக்காவில் இன்றைய கானா நாட்டிலே அச்சிமோட்டாக் கல்லூரியில் ஆசிரியர். அடுத்து ராய்ப்பூரில் ராஜகுமாரர்கள் படிக்கும் கல்லூரியில் பதவி. காட்டுக்குடிப் பிள்ளை ராஜாக்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன காட்சியை எண்ணிப் பாருங்கள்! பின்னர் பிகானீர் சமஸ்தானத்தில் மந்திரி அந்தஸ்து. காங்கிரசின் முதல் தலைவர் டபிள்யூ. சி. பானர்ஜியின் பேத்தியை மணந்திருந்தார். பங்களா, கார், கிளப். முன்னாள் வீரர் முன்னுக்கு வந்த கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பத்தியில் நாம் எழுதப் போவதில்லை. அப்படி முன்னுக்கு வந்தவர்கள் ஊட்டி கிளப்புகளிலும் நிறைய உண்டு.

1938, 39இல் ராஞ்சிப் பக்கம் திரும்பினார். அங்கே அவர் கண்டது என்ன? தரைக்கு மேலே காடு, தரைக்குக் கீழே நிலக்கரியும் இரும்பும். அதன் மேல் வாழ்ந்தவனுக்குக் கஞ்சியில்லை. நிலம் வட்டிக்காரன் கையில். ஆள் பிடிக்கும் அர்காட்டி என்னும் தரகன் முன்பணம் காட்டிக் குடும்பம் குடும்பமாக அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஓட்டிச் சென்றான். நம் முன்னோரை இலங்கை மலைக்கும் இந்த மலைக்கும் கொண்டு சேர்த்த கங்காணியின் உடன்பிறப்பே அந்த அர்காட்டி. பெயர்தான் வேறு.

1939 ஜனவரியில் ராஞ்சியில் கூடிய ஆதிவாசி மகாசபைக்குத் தலைவரானார். பூட்சும் கோட்டும் போட்ட ஆக்ஸ்போர்டுக்காரர் சொன்னால் காட்டு மக்கள் கேட்பார்களா என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். கேட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க உதவினார் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் உண்டு. அது உண்மையே, நாம் மூடி மறைக்கவில்லை.

அரசியல் நிர்ணய சபையிலே அவர் செய்த வேலையைத்தான் நீலகிரிக்காரர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். 1946 டிசம்பர் 19 அன்று எழுந்து பேசினார். தன்னைக் காட்டான் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படவில்லை. இந்த மண்ணின் முதல் குடிகள் நாங்களே, வந்தேறியவர்களே எங்களைக் காட்டுக்குள் துரத்தினார்கள், எங்களுக்கு ஜனநாயகம் கற்பிக்க வராதீர்கள், எங்களிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்துப்பட முழங்கினார். ஆதிவாசி என்ற சொல்லுக்காக வாதாடினார். பழங்குடிப் பெண்களுக்குச் சபையில் இடம் எங்கே என்று கேட்டார். மதுவிலக்கு விதி வந்தபோது, அரிசிக்கள் எங்கள் வழிபாட்டின் பகுதி என்று எதிர்த்தார். மதுவிலக்கில் நமக்கு அவரோடு உடன்பாடில்லை. சாராயக் கடை லைன் வீட்டுத் தாய்மாரை என்ன பாடு படுத்துகிறது என்பதை அறிவோம். ஆனால் பெரும்பான்மை எழுதும் விதிக்குள் சிறுபான்மை வாழ்க்கை நசுங்கக் கூடாது என்ற வாதம் வேறு, அதைத் தள்ள முடியாது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று இந்த மாவட்டத்திலே ஆறு தொல்குடிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பட்டியலும் பாதுகாப்பும் அரசியல் சட்டத்தில் இடம் பெற்றதில் அந்த ஹாக்கிக்காரரின் குரலுக்கும் பங்கு உண்டு. தோடர் மந்து பக்கம் போகிற தோழர்கள் இதைச் சொல்லலாம்.

1950இல் ஜார்க்கண்ட் கட்சி. தேர்தல் சின்னம் சேவல். 1952 தேர்தலில் பீகார் சட்டசபையில் முப்பதுக்கு மேற்பட்ட இடங்கள்! காங்கிரசுக்கு எதிரே முதன்மையான எதிர்க்கட்சி! பாட்டாளிகளும் பாமரர்களும் கால்நடையாகவே நடந்து சேர்த்த வெற்றி அது. அவரும் பார்லிமெண்டுக்குப் போனார். இறக்கும்வரை அங்கே உறுப்பினர்.

தனி மாநிலம் வேண்டும் என்ற கோரிக்கையை 1955இல் மாநிலச் சீரமைப்புக் கமிஷன் நிராகரித்தது. பொதுமொழி இல்லையாம், அந்தப் பகுதி முழுவதும் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லையாம், பிரித்தால் பீகாரின் வருமானம் போய்விடுமாம். கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். தோண்டி எடுக்க மட்டும் அந்த மண் வேண்டும்! மொழி பலவாக இருந்தது மெய்தான். முண்டாரி ஒரு குடும்பம்; ஓராவோன் மக்கள் பேசும் குருக் மொழியோ திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, தமிழுக்குத் தூரத்து உறவு. பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கும் ஓராவோன் தோழன் நமக்கு முழு அந்நியன் அல்லன்.

இனி அவர் சறுக்கிய இடம். தேர்தலுக்குத் தேர்தல் இடங்கள் குறைந்தன, பணம் இல்லை, ஆள் இல்லை. 1963இல் கட்சியைக் கொண்டுபோய்க் காங்கிரசில் கரைத்துவிட்டார். மந்திரி பதவி வந்தது, நிலைக்கவில்லை. மாநிலமும் வரவில்லை. சேவலை நம்பி வந்த மக்கள் தெருவில் நின்றார்கள். இதை நாம் மன்னித்து எழுத முடியவில்லை. ஆம்ஸ்டர்டாமில் இறுதி ஆட்டத்துக்கு முன் களம் விட்டவர் இங்கேயும் களம் விட்டார் என்று தோன்றுகிறது. அங்கே அணி வென்றது, ஏனென்றால் பின்னிகரும் தியான் சந்தும் இருந்தார்கள். இங்கே தலைவருக்கு அடுத்த வரிசையை வளர்க்கவில்லை. கிளைக் கழகத்துத் தோழர்கள் இதை இருமுறை படிக்க வேண்டும்.

1970 மார்ச் 20 அன்று டில்லியில் மறைந்தார். 2000 நவம்பர் 15, பிர்சா முண்டாவின் பிறந்த நாளன்று ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது. காண அவர் இல்லை. அசாம் தோட்டங்களுக்குப் போன முண்டாக்களும் ஓராவோன்களும் அங்கே பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்படாமல் பத்தாண்டு பத்தாண்டாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். 1948இல் இலங்கையில் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தால் கூடலூர், கோத்தகிரிக் காடுகளில் வந்து இறங்கிய குடும்பங்களுக்கு அந்த வலியை விளக்க வேண்டியதில்லை.

ராஞ்சியில் ஜெய்பால் சிங் பெயரில் ஒரு விளையாட்டரங்கம் இருக்கிறது. அவர் பிறந்த அதே குந்தி மாவட்டத்திலிருந்து நிக்கி பிரதான் என்ற பெண் 2016இல் ரியோ ஒலிம்பிக்கிலும், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காக ஹாக்கி ஆடினார். அவருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது.