சமதானி கண்ட பிரடெரிக் சொடி

தோல்வி கண்டு மனஞ் சோர்பவர் பலர். அத் தோல்வி எதனை உணர்த்துகின்றது என்று நின்று ஆராய்பவர் மிகச் சிலரே. அச் சிலருள் ஒருவர் ஆங்கில விஞ்ஞானி பிரடெரிக் சொடி.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஈஸ்ற்போண் நகரில், 1877ஆம் ஆண்டு செப்ரெம்பர் 2ஆம் நாள், தானிய வணிகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். ஒக்ஸ்போட் சர்வகலாசாலையில் இரசாயனம் பயின்று, 1898இல் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். 1900இல் கனடா சென்று, மொன்றியலிலுள்ள மக்கில் சர்வகலாசாலையிற் பணியேற்றார். அங்கே பௌதிகப் பேராசிரியராயிருந்த றதபோட்டுடன் சேர்ந்து தோரியம் என்னும் மூலகத்தை ஆராய்ந்தார். கதிர் வீசும் அணு தானாகவே வேறொரு மூலகத்தின் அணுவாக மாறுகின்றது என்பதை இருவரும் நிலைநாட்டினர். இரசவாதிகள் கனவு கண்ட மாற்றத்தை இயற்கை ஓசையின்றி நடத்தி வந்ததை உலகம் அன்றுதான் அறிந்தது.

1904இல் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் விரிவுரையாளரானார். அங்கேதான் பெரும் புதிரொன்று அவரை எதிர்கொண்டது. கதிர் வீசும் பொருள்கள் முப்பதுக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. ஆனால், மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணையில் அத்தனைக்கும் இடமில்லை. மேலும், தோரியத்தோடு கலந்த இரேடியோத்தோரியத்தை எந்த இரசாயன முறையாலும் பிரிக்க முடியவில்லை. கைதேர்ந்த இரசாயனவியலாளர் பலர் முயன்று தோற்றனர். தக்க முறை இன்னும் கிட்டவில்லை என்று மற்றவர் எண்ணியிருக்க, சொடி வேறுவிதமாகச் சிந்தித்தார். குறை முறையிலன்று, அவ்விரண்டுக்கும் இடையே இரசாயன வேறுபாடே கிடையாது என்று துணிந்தார்.

ஒரு மூலகத்தின் அணுக்கள் யாவும் நிறையில் ஒத்தவை என்பது டாற்றன் காலந்தொட்டு இருந்த கொள்கை. அதனை அசைப்பது எளிதன்று. சொடி காட்டிய வழி இது: அணுவொன்று அல்பாத் துணிக்கையை வீசினால், அட்டவணையில் இரண்டு இடம் பின்செல்லும், நிறையில் நான்கு அலகு குறையும். பீற்றாத் துணிக்கையை வீசினால் ஓரிடம் முன்செல்லும். நிறை ஏறக்குறைய மாறாது. ஆகவே ஒரு முறை அல்பாவும் இரு முறை பீற்றாவும் வீசிய அணு, புறப்பட்ட இடத்துக்கே நான்கு அலகு இலேசாகித் திரும்பி வரும். தோரியம் இவ்வாறே இரேடியோத்தோரியம் ஆகின்றது.

1913இல் இத்தகைய அணுக்களுக்குப் பெயரொன்று வேண்டியிருந்தது. கிளாஸ்கோவில் ஒரு விருந்தின்போது, வைத்தியரும் நாவலாசிரியருமான மாகிறற் ரொட் அம்மையார், ஒரே இடம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து ஐசோற்றோப்பு என்னும் பெயரை அமைத்துக் கொடுத்தார். நாம் சமதானி என்பதும் அப்பொருளிலேயே.

இவ்வேறுபாட்டின் காரணம் 1932இல் சட்விக் நியூத்திரனைக் கண்டபின்பே தெளிவாயிற்று. காபன் அணுவின் கருவில் எப்பொழுதும் 6 புரோத்தன்களே உண்டு. நியூத்திரன்களோ 6, 7, 8 என வேறுபடலாம். மூலகம் இன்னதென வகுப்பது புரோத்தன் தொகை. நியூத்திரன் தொகை மாறினால் நிறை மாறும். இரசாயன இயல்பு பெரிதும் மாறாது.

சொடியின் கொள்கைக்குச் சான்று தந்தவற்றுள் நம் இலங்கைக் கல்லும் ஒன்று என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. யுரேனியம் இறுதியில் 206 நிறையுள்ள ஈயமாகும். தோரியம் 208 நிறையுள்ள ஈயமாகும். அங்ஙனமாயின், தோரியம் மிகுந்த கனியத்திலுள்ள ஈயம் சாதாரண ஈயத்திலும் பாரமாயிருத்தல் வேண்டும். இலங்கையிற் கிடைத்த தோறைற்று என்னும் கனியத்திலிருந்து சொடி ஈயத்தைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். அதன் அணுநிறை ஏறக்குறைய 207.7, சாதாரண ஈயத்தினதோ 207.2. அதே காலத்தில் அமெரிக்கரான றிச்சாட்ஸ், யுரேனியக் கனியங்களின் ஈயம் 206ஐ அண்டியதெனக் கண்டார். பிறப்பு வேறானால் ஈயமும் நிறையில் வேறாகும் என்பது ஐயமற விளங்கிற்று.

1921ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபெற் பரிசு சொடிக்குக் கிடைத்தது. 1919 முதல் ஒக்ஸ்போட்டிற் பேராசிரியராயிருந்த அவர், பிற்காலத்தில் பொருளியலிலும் சமூகப் பிரச்சினைகளிலும் ஈடுபட்டார். விஞ்ஞானம் தரும் செல்வம் ஏன் வறுமையை ஒழிக்கவில்லை என்பதே அவர் கவலை. அணுச்சத்தியின் அளவை 1909இலேயே நூலாக எழுதியவர், 1945இல் அது நகரங்களை அழித்ததையும் காண நேர்ந்தது. 1956 செப்ரெம்பர் 22இல் பிறைற்றனில் மறைந்தார்.

இன்று அயடீனின் சமதானி வைத்தியசாலையில் நோய் தீர்க்கின்றது. காபனின் சமதானி தொல்பொருளின் வயதைக் கூறுகின்றது. பிரிக்க முடியாதென்று பலர் கைவிட்ட கலவையிலிருந்தே இவ்வறிவு பிறந்தது. பரிசோதனை பொய்த்ததென்று குறிப்பேட்டை மூடுமுன், அது கூறுவதென்ன என்று ஒருகணம் கேட்கும் பழக்கத்தை இளைஞர்களாகிய நாம் சொடியின் வாழ்விலிருந்து கற்றுக்கொள்வோமாக.