குருதியின் மூன்றாம் துகளைக் கண்டவர்

எங்கள் கினிகத்தேனையில் மழை பிடித்துவிட்டால் நாட்கணக்கில் விடுவதில்லை. அத்தகைய மழைக்காலமொன்றில், ஒன்பது வயதினளான என் தங்கைக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் கண்டன. பின்னர் மூட்டுக்கள் வீங்கின. கொத்தமல்லிக் கசாயத்தில் எல்லாம் தணிந்துவிட்டதென்றே நாங்கள் எண்ணினோம். காய்ச்சல் தணிந்தது, ஆனால் இருதய வால்வில் அது விட்டுச்சென்ற வடு தணியவில்லை. கொழுந்துக்கூடையுடன் மலையேறும் பருவத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது. ஈற்றில் பழுதுற்ற வால்வை அகற்றிச் செயற்கை வால்வொன்றைப் பொருத்தினார்கள். அன்றுதொட்டு வோபரின் குளிகை அவளுக்கு நித்திய நியமமாயிற்று.

உயிர் காக்கும் வால்வின் மேலேயே தன் குருதி ஏன் உறைய வேண்டும் என்று ஒருநாள் அவள் என்னைக் கேட்டாள். ஆசிரியனாகிய எனக்கு விடை தெரியவில்லை. அதைத் தேடிச் சென்றபோதுதான் ஜூலியோ பிட்சொட்செரோ என்னும் இத்தாலியப் பேரறிஞரின் வரலாறு எனக்குக் கிட்டியது.

அன்னார் 1846ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் திகதி வரேசே நகரிற் பிறந்தார். பாவியா சர்வகலாசாலையில் பயின்று, இருபது வயதிலேயே வைத்தியப் பட்டம் பெற்றார். செங்குழியங்கள் என்பு மச்சையிலே பிறக்கின்றன என்பதை 1868இல் அவர் வெளியிட்டபோது வயது இருபத்திரண்டுதான். அவரிலும் ஏறத்தாழ மூன்று வயது மூத்தவரான கமில்லோ கொல்கி அவரது ஆய்வுகூடத்திற்கு வந்து நுணுக்குக்காட்டிக் கலையைக் கற்றார்; பிற்காலத்தில் அவருடைய உறவுப் பெண்ணையே மணந்தார். அக்கொல்கிக்கு 1906இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆசான் அதைக் காண உயிரோடிருக்கவில்லை.

முப்பது வயதை எட்டுமுன்னரே பிட்சொட்செரோ தூரின் சர்வகலாசாலையிற் பேராசிரியரானார். அங்கேதான் அவரது பெரும்பணி நிகழ்ந்தது. குருதியிலே செங்குழியம், வெண்குழியம் ஆகியவற்றோடு மிகச் சிறிய துகள்களும் உண்டென்பதைப் பிறர் முன்னரே கண்டிருந்தனர். எனினும் அவை சிதைந்த குழியங்களின் துணுக்குகளா, செங்குழியங்களின் இளம்பருவமா என்பது தெளிவாகவில்லை. பிட்சொட்செரோ உடலுக்கு வெளியே எடுத்த குருதியோடு நின்றுவிடவில்லை. உயிருள்ள சிறு விலங்குகளின் நுண்ணிய நாளங்களில் ஓடும் குருதியையே நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினார். நிறமற்ற சிறு தட்டுக்கள் அவ்வோட்டத்திலே தனியாக மிதந்து செல்லக் கண்டார். நாளத்தின் சுவரிற் காயம் உண்டாக்கியபோது, முதன்முதல் ஓடிவந்து ஒட்டியவை அத்தட்டுக்களே. குருதியிலே நூலைத் தோய்த்தபோது நூலைப் போர்த்தவையும் அவையே. 1882இல் அவர் இதை விரிவாக வெளியிட்டார். குருதிச் சிறுதட்டு என்று நாம் இன்று வழங்கும் பெயருக்கு மூலம் அவர் இட்ட பெயரே.

இதிலொரு விந்தையும் உண்டு. என்பு மச்சையில் உள்ள இராட்சதக் குழியங்களை அவர் இளமையிலேயே ஆராய்ந்தவர். அவையே சிறுதட்டுக்களின் தாய் என்பதை அவர் அறியவில்லை. 1906இல் அமெரிக்கரான ஜேம்ஸ் ஹோமர் ரைட் அதை நிறுவினார்.

பார்வை நலிந்தமையால் பிட்சொட்செரோ நுணுக்குக்காட்டியைத் துறக்க நேர்ந்தது. வேறொருவராயின் மனமுடைந்திருப்பார். அவரோ பொதுச் சுகாதாரத்தின் பக்கம் திரும்பினார். 1890இல் செனற்சபை உறுப்பினராகி, தொற்றுநோய்த் தடுப்புக்காக உழைத்தார். 1901 ஏப்ரல் 8ஆம் திகதி, ஐம்பத்தைந்தாம் வயதில், நிமோனியாக் காய்ச்சலால் தூரினிற் காலமானார்.

தங்கையின் கேள்விக்கு விடை அந்த நூலிலே இருந்தது. செயற்கை வால்வும் குருதிக்கு அந்நியப் பொருளே. சிறுதட்டுக்கள் அதிற் படிகின்றன. வால்வில் மோதுண்டு விழிப்படைகின்றன. உறைதற் புரதங்கள் அவற்றோடு சேர்ந்து கட்டியாகின்றன. அக்கட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் வரும். வோபரின் சிறுதட்டுக்களைத் தொடுவதில்லை. ஈரல் ஆக்கும் உறைதற் புரதங்களையே குறைக்கிறது. சிறுதட்டுக்களையும் அடக்க வேண்டிய சிலருக்கு வைத்தியர்கள் அஸ்பிரினும் சேர்த்துக் கொடுப்பதுண்டு.

குருதிப் பரிசோதனைக்குப் போகும் நாளில் பேர் கிடையாது; பஸ் செலவோ தனி. ஆதலால் குளிகையை நிறுத்திவிடத் தங்கை ஒருகால் எண்ணியிருந்தாள். நூலின் கதையை அவளுக்குச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவள், எழுந்து சென்று அன்றைய குளிகையை விழுங்கினாள்.

எனக்கோ அன்னாரின் பிற்கால வாழ்வே பெரிதாகத் தோன்றுகிறது. வாதக் காய்ச்சல் தொண்டைத் தொற்றிலே தொடங்குவது. நெருக்கமான வீடுகளிற் பரவுவது. காலத்தோடு கொடுக்கும் பென்சிலினால் தடுக்கத்தக்கது. லயத்து அறையிலே ஒரு குழந்தை தொண்டை நோவென்று அழும்போது கசாயத்தோடு நின்றுவிடாது வைத்தியரிடம் கொண்டுசெல்வோமாயின், அக்குழந்தைக்கு வால்வும் வேண்டாம், குளிகையும் வேண்டாம். என் வகுப்பில் எந்தப் பிள்ளை தொண்டையைத் தடவினாலும் இப்பொழுது நான் பாடத்தை நிறுத்திவிடுகிறேன்.