முகக்கவசத்துக்குப் பின்னால் ஓர் ஈப்போ டாக்டர்: யார் இந்த வூ லியன் தே?

ஈப்போவில் ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா வழியாக நீங்கள் எத்தனையோ முறை போயிருப்பீங்க. அது புருஸ்டர் ரோடாக இருந்த காலத்தில் அங்கே ஒரு டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். ஏழைகளிடம் காசு வாங்கமாட்டார். கோவிட் காலத்தில் நீங்கள் மாட்டிய முகக்கவசத்தின் கதையில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

வூ லியன் தே, 1879இல் பினாங்கில் பிறந்தவர். உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தார். 1903இல் ஊர் திரும்பி, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். சீன ஈயச் சுரங்கத் தொழிலாளிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற நோய் அது. தோட்டப்புறத்து நம்ம ஆட்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. ஏன் தெரியுமா? அவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி! (அதை நிரூபித்தவர்கள் பின்னால் வந்த வேறு ஆய்வாளர்கள்.)

காலனி மருத்துவச் சேவையில் உயர் பதவிகள் வெள்ளையருக்கு மட்டும்தான். 1908இல் வூ சீனாவுக்குப் போய்விட்டார்.

1910 டிசம்பர். மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் மர்மக் காய்ச்சல். எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் பிளேக்கைப் பரப்பும் என்று எல்லாரும் நம்பிய காலம். வூ, இறந்த ஒரு பெண்ணின் உடலை ரகசியமாக அறுத்துப் பரிசோதித்தார். நோய் நுரையீரலில் இருந்தது, மூச்சுக்காற்றில் பரவியது. பஞ்சை மெல்லிய துணியில் சுற்றி முகக்கவசம் செய்து எல்லாரையும் அணியச் சொன்னார். பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி அதை ஏற்காமல், கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் இறந்துபோனார். சுமார் 60,000 உயிர்களைக் குடித்த பிறகு, சில மாதங்களில் பிளேக் அடங்கியது. 1911 ஏப்ரலில் 11 நாடுகளின் நிபுணர்கள் கூடிய மாநாட்டுக்குத் தலைவர், 32 வயது வூதான்.

நோய் போனதும் கடையைக் கட்டுவதுதானே வழக்கம்? வூ கட்டவில்லை. 1912இல் தொடங்கிய வட மஞ்சூரிய பிளேக் தடுப்புச் சேவைக்குள்ளேயே ஆராய்ச்சியையும் வைத்தார். சிகிச்சை கொடுக்கும் அதே ஆட்கள்தான் ஆய்வும் செய்தார்கள். தார்பகான் என்ற மலை அணிலுக்கு மூச்சு வழியாக நோய் தொற்றுமா என்றுகூடச் சோதித்தார்கள். 1920-21இல் பிளேக் மறுபடி வந்தபோது இறந்தவர்கள் சுமார் 9,000 பேர். ஆயத்தமாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இப்போ உலகம் எங்கே வருகிறது என்று பாருங்க. இன்றைய உலகச் சுகாதார நிறுவனத்தின் முன்னோடி, லீக் ஆஃப் நேஷன்ஸின் சுகாதார அமைப்பு. 1925இல் சிங்கப்பூரில் அலுவலகம் திறந்து, ஆசியத் துறைமுகங்களின் தொற்றுநோய்ச் செய்திகளைத் தந்தி மூலம் திரட்டியது. எங்கே நோய் என்று தந்தி சொல்லும். அது எப்படிப் பரவுகிறது என்று சொல்லாது. அதற்கு வூவின் அனுபவம் தேவைப்பட்டது. நுரையீரல் பிளேக் பற்றி அவர் எழுதிய பெரிய நூலை 1926இல் அந்த அமைப்பே ஜெனீவாவில் வெளியிட்டது. 1935இல் நோபல் பரிசுக்கும் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது.

1937இல் ஜப்பானியப் படையெடுப்பு அவரை மலாயாவுக்கே திருப்பி அனுப்பியது. உலகம் கொண்டாடிய ஆய்வாளர், ஈப்போவில் சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து எழுதினார். போருக்குப் பிறகு, ஊரில் பொது நூலகம் வேண்டும் என்று நன்கொடை திரட்டினார். அதுதான் இன்றைய துன் ராசாக் நூலகம். 1960இல் பினாங்கில் காலமானார்.