காசிக்கு ஓடிய சிறுவன்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம். 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஜோதி தெரிகிறது. லட்சக்கணக்கான கைகள் தலைக்கு மேல் குவிகின்றன. கிரிவலப் பாதையில் கற்பூரமும் தேங்காயும் வாழைப்பழமும் மும்முரமாக விற்பனையாகின்றன.

அந்தக் கூட்டத்தில் யாரோ சிலருக்கு மட்டும் தீபம் புகை மூடினாற்போல மங்கலாகத் தெரியும். கண்ணுக்குள்ளே அழற்சி! யூவியைடிஸ் என்று டாக்டர்கள் சொல்லும் வியாதி அது. கண் சிவக்கும். வெளிச்சம் கூசும். கரும்புள்ளிகள் மிதக்கும். அடங்கினாற்போல இருந்து மறுபடியும் கிளம்பும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடலாம்.

இதற்கு முக்கியமான மருந்து ஸ்டீராய்டு. சொட்டாக விடுகிறார்கள், மாத்திரையாகக் கொடுக்கிறார்கள், ஊசியாகவும் போடுகிறார்கள். ஸ்டீராய்டு அடங்கிய மிகச் சிறிய துணுக்கைக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிடும் முறையும் வந்துவிட்டது. மருந்து மாதக்கணக்கில், சில வகைகளில் வருஷக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நல்ல முறைதான். ஆனால் கண்ணில் புரை விழலாம். கண்ணின் அழுத்தம் ஏறலாம்.

ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்ள உதவும் வேறொரு மருந்து உண்டு. அதன் பெயர் மெத்தோட்ரெக்சேட். அது பிறந்த ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர், சிறு வயதில் கோயில் ஊர் ஒன்றில் வாழைப்பழம் விற்கக் கிளம்பியவர்!

அவர்தான் எல்லாப்ரகட சுப்பாராவ்.

1895-ஆம் ஆண்டு ஆந்திராவில் உள்ள பீமவரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். காசிக்குப் போய், யாத்திரை வருகிறவர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று 13-வது வயதில் வீட்டைவிட்டு ஓடினார். தாயார் விடவில்லை. திரும்ப வரவழைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தோல்வி! மூன்றாவது தடவை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி. அடுத்து சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் சொல்லைக் கேட்டு ஆபரேஷன் அறையிலும் கதர் அங்கி அணிந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம் வந்தது. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். ஸ்புரூ என்னும் வயிற்று வியாதி. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, ரத்தம் வற்றிப்போகும். அன்று அதற்கு மருந்து இல்லை. வைத்தியம் படித்த சுப்பாராவுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

1923-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் சேர்ந்தார். அவருடைய இந்தியப் பட்டத்துக்கு அங்கே டாக்டர் வேலை இல்லை. இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவினார். பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். ரத்தத்தில் உள்ள பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து ஒரு முறை கண்டார். உடம்பின் எல்லா வேலைக்கும் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருளையும் கண்டார். இத்தனை செய்தும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-இல் லெடர்லே என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார்.

அங்கே 1945-இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. கீரையிலும் ஈரலிலும் இருக்கும் சத்து இது. ஸ்புரூ நோயாளிகளைத் தேற்றியது! தம்மைவிட்டுப் போன சகோதரர்களுக்குக் கிடைக்காத மருந்து.

கதை அதோடு நிற்கவில்லை. உடம்பின் அணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைப் போலவே இருக்கும், ஆனால் வேலை செய்யாத ஒரு போலியைக் கொடுத்தால்? பூட்டில் நுழைந்து திரும்பாமல் சிக்கிக்கொள்ளும் கள்ளச்சாவி மாதிரி! பெருகும் அணுக்கள் பட்டினி கிடக்கும். இப்படிச் செய்த போலிகளில் ஒன்றை டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதை 1948-இல் வெளியிட்டார். இன்னொரு போலிதான் மெத்தோட்ரெக்சேட்.

அதே 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். வயது 53. அமெரிக்கா போனவர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. மனைவி சேஷகிரியை அதன் பிறகு பார்க்கவில்லை. அவர் போனபின் பிறந்த மகன் குழந்தையிலேயே இறந்துவிட்டான். அந்த முகத்தையும் அவர் பார்த்ததில்லை.

மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் கொடுத்தால், உடம்பைத் தானே தாக்கும் எதிர்ப்புச் சக்தியின் வேகம் தணிகிறது. 1960-களில் கண் அழற்சிக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இருந்தது. பிற்பாடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உட்பட பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 216 பேரிடம் ஒரு சோதனை நடத்தி, 2019-இல் முடிவை வெளியிட்டன. இதைவிடப் புதிய மருந்து ஒன்றுடன் ஒப்பிட்டார்கள். சுப்பாராவ் காலத்து மருந்து அதற்குச் சளைக்கவில்லை.

வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை இது. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ரத்தத்தை அடிக்கடி சோதித்துப் பார்த்துக்கொண்டே டாக்டர்கள் இதைக் கொடுக்கிறார்கள். பக்க விளைவு தணிய, அதோடு இன்னொரு மாத்திரையும் எழுதித் தருவது வழக்கம்.

அந்த இன்னொரு மாத்திரை, ஃபோலிக் அமிலம்.