கப்பலோட்டியவரின் சுயசித்திரம்

எப்போதும்வென்றானைச் சூழ்ந்த கரிசல் சீமையில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையின் படத்தை அறியாதார் இல்லை. தடித்த மீசை, நிமிர்ந்த பார்வை, பின்னணியில் ஒரு கப்பல். ஓவியர்கள் நமக்குக் காட்டும் வ. உ. சி. இவரே. 1972-ல் அவருக்குத் தபால் தலை வெளிவந்தது. 2011-ல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரை ஏற்றது. இக்கௌரவங்கள் யாவும் தக்கவையே. எனினும் புகைப்படம் முகத்தைத்தான் காட்டும். ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த அபிப்பிராயத்தைக் காட்டாது. அச்சித்திரத்தை அவர் தம் கையாலேயே எழுதி வைத்துச் சென்றார்.

எப்போதும்வென்றானுக்கு அண்மையிலுள்ள ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-ந் தேதி அவர் பிறந்தார். வக்கீலாய்ப் பொருளீட்டியவர், 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். 1908-ல் ராஜத்துவேஷக் குற்றத்துக்காக அவருக்குக் கொடிய தீவாந்தர சிக்ஷை விதிக்கப்பட்டது. அப்பீலில் அது குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளிவந்தபோது கம்பெனி இல்லை, கப்பல் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. வறுமை ஒன்றே துணை நின்றது.

இத்தகையவர் தம் வரலாற்றைக் கூறப் புகுந்தால், தியாகத்தைப் பெரிதுபடுத்திக் காட்டுவதே உலக வழக்கம். வ. உ. சி. அவ்வழியிற் செல்லவில்லை. அன்பர் பரலி சு. நெல்லையப்பர் முதலியோரின் வேண்டுகோளுக்கிணங்கி, அகவல் நடையில் சுயசரிதையை இயற்றினார். 1946-ல் அச்சான அந்நூலில் கப்பலும் சிறையும் மட்டுமின்றி, இளமை விளையாட்டும் குறும்பும் இடம் பெற்றன. தம்மைத் தேவனாக்கிக்கொள்ள அவர் விரும்பவில்லை.

பிறர் செய்த நன்றியைப் பதித்து வைப்பதிலேயே அவருக்கு ஆர்வம் மிகுதி. சன்னது திரும்பக் கிடைக்க உதவிய நீதிபதி வாலஸ் ஓர் ஆங்கிலேயர். ஆயினும் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். அன்னிய ஆட்சியைப் பகைத்தவர் அன்னியனைப் பகைக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? பிற்காலத்தில் கோவில்பட்டியில் வக்கீல் தொழில் நடத்திக்கொண்டே பழந்தமிழ் நூல்களை ஆராய்ந்தார். திருக்குறள் மணக்குடவர் உரையையும் தொல்காப்பியம் இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார். எந்த ஓவியர் அவர் கையில் ஏட்டைக் கொடுத்தார்?

1936 நவம்பர் 18-ல் அவர் மறைந்தார். உலகக் கணக்கில் அவர் தோற்றவர். தம் உள்ளத்தைத் தோற்காதவர். அண்டை ஊரின் பெயர் அவருக்கே பொருந்தும். படத்துக்கு மாலையிடும் தேசபக்தர்கள், அவர் தாமே வரைந்த சித்திரத்தையும் ஒருமுறை படித்துப் பார்ப்பார்களாக. மாலை மறுநாள் வாடிவிடும். படித்தது மனத்தில் நிற்கும்.